ஒரே ஆண்டு, ஆறு தோட்டங்கள்: 1996 போர்தோ ஒயின்களை நண்பர்களோடு விருந்தில் சுவைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் செய்யப்படும் ஒயின் முதிர்ந்தால் எப்படி இருக்கும் என்று படித்துத் தெரிந்துகொள்வதற்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டிப் போக வேண்டுமானால், ஒரே ஆண்டில் விளைந்த, வெவ்வேறு தோட்டங்களின் பாட்டில்களை ஒரே இரவில் அடுத்தடுத்து வைத்துச் சுவைக்க வேண்டும். ஆண்டு ஒன்றுதான் என்பதால் மழையும் வெயிலும் ஏறக்குறைய எல்லாருக்கும் பொது. கோப்பைக்குக் கோப்பை மாறுவது மண், திராட்சை வகை, ஒயின் செய்தவரின் கை, அந்தப் பாட்டில் இத்தனை ஆண்டுகள் கிடந்த இடம் ஆகியவை மட்டுமே. இந்த வழிகாட்டியில் சொல்லும் ஒவ்வொரு ஏற்பாடும் அந்த வித்தியாசங்களைத் துல்லியமாக எடுத்துக்காட்டுவதற்காகத்தான். வேறு எந்த வித்தியாசமும் மேசைக்கு வரக்கூடாது.

எட்டுப் பேர், ஆறு பாட்டில் என்று கணக்கு வைத்துக்கொள்கிறேன். ஒரு பாட்டில் 750 மில்லி. அடியில் தங்கும் வண்டலை விட்டுவிட்டால் தலைக்கு 85 மில்லி கிடைக்கும். முதலில் தனியாகச் சுவைக்க ஒரு பாதி, உணவோடு குடிக்க மறு பாதி. பத்துப் பேருக்கு மேல் போனால் இரண்டாம் சுற்றுக்கு ஒன்றும் மிஞ்சாது. எட்டுப் பாட்டிலுக்கு மேல் போனால் நாக்கு சோர்ந்துவிடும்.

ஏன் 1996?

போர்தோவில் ஜிரோந்து கழிமுகத்துக்கும் கரோன் ஆற்றுக்கும் மேற்கே இருப்பது இடது கரை. மெடாக்கும் கிராவும் அங்கே. தோர்தோன்யு ஆற்றுக்கு வடக்கே சேன்-எமிலியோனும் பொமெரோலும் இருப்பது வலது கரை. இடது கரையின் சரளை மண் வெப்பத்தைப் பிடித்துவைக்கும், நீரை வடியவிடும். தாமதமாகப் பழுக்கும் கபர்னே சாவின்யோன் என்ற திராட்சை வகைக்கு ஏற்றது அதுதான். வலது கரையின் களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் முன்னதாகவே பழுக்கும் மெர்லோ வகைக்குப் பொருந்தும்.

1996இல் இந்த வேறுபாடு பளிச்சென்று வெளிப்பட்டது. கோடையின் இறுதியில் பெய்த மழை வலது கரையைக் கூடுதலாக நனைத்தது. மெடாக்கின் வடபகுதி அவ்வளவு நனையவில்லை. பிறகு வந்த செப்டம்பரில் பகலில் வெயிலும் இரவில் குளிரும் காய்ந்த காற்றுமாக இருந்ததால், கொடியில் காத்திருந்த கபர்னே நன்றாக முதிர்ந்தது. புளிப்பும் போகவில்லை. அதனால்தான் 1996 மெடாக் ஒயின்கள் இளமையில் விறைப்பாக இருந்தன. அந்த விறைப்பே அவற்றை இத்தனை ஆண்டுகள் தாங்கிப் பிடித்திருக்கிறது. கபர்னேயின் ஆண்டு என்று இதைச் சொல்வது மிகையில்லை. முதன்முறை இப்படிச் சுவைக்கிறவர்களுக்கு நான் இந்த ஆண்டையே சொல்வேன், ஏனென்றால் ஊருக்கு ஊர் வித்தியாசம் மங்கலாக இல்லாமல் தெளிவாகத் தெரியும்.

ஆறு பாட்டில்களைத் தேர்ந்தெடுத்தல்

விலை உயர்ந்த பெயர்களைத் துரத்த வேண்டாம். 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்டபடி போர்தோத் தரகர்கள் போட்ட தரவரிசைதான் இன்றும் மெடாக்கை ஆள்கிறது. அது அன்றைய சந்தை விலைகளை வைத்துத் தோட்டங்களை ஐந்து தரங்களாகப் பிரித்த பட்டியல். மூத்தோன்-ரோத்ஷீல்து 1973இல் இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு ஏறியதே அதில் நிகழ்ந்த பெரிய மாற்றம். ஐந்தாம் தரத்தில் இருக்கும் சில தோட்டங்கள் இன்று இரண்டாம் தரத்தோடு தோள் உரசுகின்றன. அந்த இடைவெளியில்தான் நம் பணத்துக்கு மதிப்பு கிடைக்கும். லஃபீத், லத்தூர் போன்ற முதல் தரத் தோட்டங்களை இந்த மேசையில் வைத்தால் எல்லாரும் அந்த ஒரு கோப்பையைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். போலி பாட்டில்களின் ஆபத்தும் அங்கேதான் அதிகம்.

ஊருக்கு ஒன்றாக எடுப்பது என் வழக்கம்.

சேன்-எஸ்தேஃபிலிருந்து காலோன்-செகூர். லஃபீத்தும் லத்தூரும் தன் கையில் இருந்தும் தன் இதயம் காலோனில்தான் என்று சொன்ன செகூர் பிரபுவின் தோட்டம் இது. லேபிளில் இன்றும் இதயம் வரைந்திருக்கும். இந்த ஊரில் சரளையோடு களிமண்ணும் கலந்திருக்கும். ஒயினில் உறுதியும் துவர்ப்பும் கூடுதல்.

பொயாக்கிலிருந்து க்ரான்-புய்-லாகோஸ்த். ஐந்தாம் தரம்தான், ஆனால் 1996இல் அது செய்த ஒயின் பொயாக் என்றால் என்ன என்பதற்கு ஒரு பாடம். கிடைக்காவிட்டால் லின்ச்-பாஜ்.

சேன்-ஜூலியானிலிருந்து லியோவீல் பார்த்தோன். 1826 முதல் பார்த்தோன் குடும்பத்தின் கையில் இருக்கும் தோட்டம். தனக்கென்று மாளிகை கிடையாது, பக்கத்துத் தோட்டமான லாங்கோவாவில்தான் ஒயின் தயாராகிறது.

மார்கோவிலிருந்து பால்மேர். இங்கே மெர்லோ ஏறக்குறைய கபர்னேயின் அளவுக்கே சேர்க்கப்படுவதால் அண்டைத் தோட்டங்களைவிட மென்மை அதிகம். விலை கூடினால் ரோசான்-செக்லா நல்ல மாற்று.

பெசாக்-லியோன்யானிலிருந்து ஓ-பாய்யி. இந்தப் பெயரில் தனி வட்டாரம் உருவானது 1987இல்தான். அதற்கு முன் எல்லாம் கிராவ்.

ஆறாவது, வலது கரையின் பிரதிநிதியாக ஃபிஜாக். சேன்-எமிலியோனில் இருந்தாலும் அது நிற்பது சரளை மேட்டில். கபர்னே சாவின்யோனும் கபர்னே ஃபிரானும் சேர்ந்து கலவையில் பெரும்பங்கு, மெர்லோ குறைவு. மழை நனைத்த கரையில் கபர்னேயை நம்பிய தோட்டம் என்ன செய்தது என்று கேட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான பாட்டில் இல்லை.

செலவைக் குறைக்க வேண்டுமென்றால் இவற்றில் ஒன்றுக்குப் பதில் சோஸியாந்தோ-மாலேயைச் சேருங்கள். 1855 பட்டியலில் இல்லாத தோட்டம், ஆனால் பட்டியலில் உள்ள பலவற்றோடு கண்மூடிச் சுவைப்பில் தலைநிமிர்ந்து நிற்கும்.

காலோனுக்குப் பதில் கோஸ் தெஸ்தூர்னெல் கிடைத்தால் அதையும் தயங்காமல் எடுக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் லூயி காஸ்பார் தெஸ்தூர்னெல் தன் ஒயினை இந்தியாவுக்குக் கப்பலேற்றி விற்றவர். கிழக்கின் நினைவாக அவர் எழுப்பிய கூர்கோபுரங்கள் இன்றும் அந்தச் சாலையில் போகிறவர்களை நிறுத்திப் பார்க்க வைக்கின்றன.

வாங்கும்போது எதைப் பார்ப்பது

இந்த வயதில் தோட்டத்தின் பெயரைவிடப் பாட்டிலின் வரலாறு முக்கியம். ஒரே தோட்டத்தின் இரண்டு பாட்டில்கள் இரண்டு வெவ்வேறு ஒயின்களாக இருக்கலாம்: ஒன்று 12 டிகிரி நிலவறையில் அசையாமல் கிடந்திருக்கும், மற்றது ஒரு சமையலறை அலமாரியில் வெந்திருக்கும். விற்பவரிடம் யாரிடமிருந்து வந்தது, எங்கே இருந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

பிறகு மட்டம். பாட்டிலை நிறுத்தி வெளிச்சத்தில் பாருங்கள். ஒயின் கழுத்துக்குள்ளேயே இருந்தால் மிக நல்லது. கழுத்தின் அடிக்கும் தோளின் மேற்பகுதிக்கும் இடையே இருந்தாலும் இந்த வயதுக்குக் குறையில்லை. நடுத்தோளுக்கு இறங்கியிருந்தால் உள்ளே காற்று நிறையப் போயிருக்கிறது என்று பொருள், வேண்டாம். மேல்மூடியில் ஒயின் கசிந்து ஒட்டிய கறை, வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் தக்கை இரண்டும் வெப்பம் பட்டதற்கான அடையாளங்கள். லேபிள் அழுக்காக, ஈரத்தில் பூத்திருப்பது குறை அல்ல. ஈரமான நிலவறையில் இருந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி.

ஒரு பாட்டில் கூடுதலாக வாங்கி வையுங்கள். ஆறில் ஒன்று கெட்டிருந்தால் மேசையில் ஓர் ஊர் காணாமல் போய்விடும்.

வாங்கிய பாட்டில்கள் பயணப்பட்டு வந்தால் சில வாரங்களாவது குளிர்ந்த இருட்டில் படுக்கவிடுங்கள். குலுங்கிய வண்டல் அடங்க அவ்வளவு காலம் ஆகும்.

இரண்டு நாள் முன்னதாக

பாட்டில்களை நிறுத்தி வையுங்கள். முதிர்ந்த சிவப்பு ஒயினில் துவர்ப்பைத் தரும் டானினும் நிறப்பொருளும் ஒன்றோடொன்று கோத்துப் பெரிதாகி, கனத்து, அடியில் படிகின்றன. ஒயின் மென்மையாவதும் நிறம் செங்கல் பக்கம் சாய்வதும் வண்டல் சேர்வதும் ஒரே நிகழ்வின் மூன்று முகங்கள். படுத்திருந்த பாட்டிலில் வண்டல் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். அது அடிக்கு இறங்க ஒரு முழு நாளாவது வேண்டும்.

கோப்பைகள் எல்லாம் ஒரே வடிவம், ஒரே அளவு. எட்டுப் பேருக்கு ஆறு வீதம் 48. அவ்வளவு இல்லையென்றால் தலைக்கு மூன்று வைத்து இரண்டு சுற்றாக நடத்தலாம். அப்போது 24 போதும். சோப்பு வாசனை, அலமாரி மரத்தின் வாசனை எதுவும் இருக்கக்கூடாது. வெந்நீரில் கழுவித் தலைகீழாக அல்லாமல் நேராக நிறுத்திக் காயவிடுங்கள். நண்பர்களிடம் அன்று வாசனைத் திரவியம் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூச்சப்பட வேண்டிய விஷயமில்லை.

திறக்கும் நேரம்

விருந்து இரவு எட்டு மணிக்கு என்றால் ஐந்தரைக்கு வேலை தொடங்கட்டும். திறப்பதும் ஊற்றுவதும் ஒருவர் பொறுப்பு. அவர் மட்டும் எந்த எண் எந்தத் தோட்டம் என்று அறிந்திருப்பார்.

முதலில் மேல்மூடித் தகட்டை முழுவதுமாக உரித்துவிடுங்கள். பாட்டில் வாயை ஈரத்துணியால் துடையுங்கள். முப்பது ஆண்டுத் தக்கை நடுவில் பொலபொலவென்று உதிரக்கூடும், எனவே சாதாரணத் திருகை நம்ப வேண்டாம். இரண்டு மெல்லிய தகடுகளைத் தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுழைத்து, மெல்ல ஆட்டி இறக்கி, சுழற்றியபடி இழுக்கும் திறப்பான் ஒன்று கட்டாயம் வேண்டும். திருகையும் அந்தத் தகடுகளையும் சேர்த்த கருவி இன்னும் பாதுகாப்பானது. அப்படியும் உடைந்தால் பதற வேண்டாம். மிச்சத்தை உள்ளே விழவிட்டு, மணமற்ற மெல்லிய கம்பி வடிகட்டி வழியாக ஊற்றுங்கள்.

திறந்ததும் ஒவ்வொன்றையும் முகர்ந்து, ஒரு துளி சுவைத்துப் பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி, பூட்டிக் கிடந்த ஈரக் கிடங்கு மாதிரி மணம் வந்தால் அது தக்கைக் கோளாறு. டிரைகுளோரோஅனிசோல் என்ற பொருளின் வேலை. காற்றுப்பட்டால் போகாது, கூடும். அந்தப் பாட்டிலை ஒதுக்கிவிட்டு இருப்பில் உள்ளதைத் திறங்கள். நகப்பூச்சு நீக்கி அல்லது காடி நெடி அடித்தால் எளிதில் ஆவியாகும் அமிலம் ஏறியிருக்கிறது. லேசாக என்றால் பொறுக்கலாம். குதிரை லாய மணம் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்டினுடையது. பழைய போர்தோவில் அது அபூர்வமில்லை, சிறிதளவு இருந்தால் விரும்புகிறவர்களும் உண்டு. ஷெர்ரி வாசனையும் பழுப்பேறிய நிறமும் ஒயின் காற்றில் களைத்துவிட்டதைக் காட்டும். தீக்குச்சி, அவித்த முட்டை போன்ற மணம் மட்டும் என்றால் கவலையில்லை, அரை மணி நேரத்தில் கலைந்துவிடும்.

இனி வடிப்பது. டிகான்டர் எனும் அகன்ற கண்ணாடிக் குடுவையின் பின்னால் ஒரு மெழுகுவர்த்தியோ சிறு விளக்கோ வைத்து, பாட்டிலின் கழுத்து அந்த வெளிச்சத்துக்கு நேரே வரும்படி பிடித்து, ஒரே மூச்சில், நிறுத்தாமல், மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். நடுவில் நிறுத்தி நிமிர்த்தினால் வண்டல் கலங்கிவிடும். கழுத்தில் கரும்புகை மாதிரி ஓர் இழை வந்ததும் நிறுத்துங்கள். பாட்டிலைச் சுத்தமான தண்ணீரில் அலசி, நன்றாக வடியவிட்டு, ஒயினைப் புனல் வைத்து மறுபடி அதே பாட்டிலில் ஊற்றுங்கள். தாளில் சுற்றி எண் எழுதுங்கள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் இடையே டிகான்டரை அலசுவது முக்கியம்.

எவ்வளவு நேரம் காற்றுப்பட வேண்டும் என்பதில் சச்சரவு ஓயாது. காலோனுக்கு மூன்று மணி நேரம், ஃபிஜாக்குக்கு அரை மணி நேரம் என்று பிரித்துச் சொல்கிறவர்கள் உண்டு. தனித்தனியாகக் குடிக்கும்போது அது சரி. ஒப்பிட்டுச் சுவைக்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் கொடுப்பதே நேர்மை. இந்த ஆண்டின் மெடாக்குக்கு இரண்டு மணி நேரம் போதும், மீதியைக் கோப்பையில் பார்த்துக்கொள்ளலாம்.

வெப்பநிலை 16 முதல் 17 டிகிரி. வீடு 25 டிகிரியில் இருந்தால் ஊற்றுவதற்கு முன் கால் மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். சூடேறிய பழைய ஒயினில் சாராய நெடிதான் முன்னால் நிற்கும்.

முதல் சுற்று: உணவில்லாமல், பேச்சில்லாமல்

எல்லாருக்கும் ஆறு தோட்டங்களின் பெயர்கள் தெரியட்டும், எந்த எண் எது என்று மட்டும் தெரியவேண்டாம். முழுக்கக் கண்கட்டிச் சுவைப்பது ஊக விளையாட்டாகிவிடும். பெயர் தெரிந்தே சுவைத்தால் நாக்குக்கு முன் லேபிள் பேசும். இந்த நடுவழியில்தான் கவனம் கூர்மையாகிறது.

முதல் இருபது நிமிடம் யாரும் பேசக்கூடாது என்ற விதியில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. குரல் வலுத்த ஒருவர் "இதில் கொஞ்சம் தக்கை வாசனை" என்று சொல்லிவிட்டால் மேசையில் எட்டு மூக்குக்கும் அது வந்துவிடும். ஆளுக்கு ஒரு தாள், பேனா, தண்ணீர், உப்பில்லாத ரொட்டி, துப்புவதற்கு ஒரு குவளை. துப்புவது அநாகரிகம் அல்ல. இந்த ஆறு பாட்டிலில் ஒருவரின் பங்கு அரை லிட்டருக்கு மேல் வருகிறது.

சுழற்றுவதற்கு முன் ஒருமுறை முகருங்கள். பழைய ஒயினின் மிக நுண்ணிய மணங்கள் அந்தக் கணத்தில்தான் இருக்கும். பிறகு மெல்லச் சுழற்றுங்கள். பிளாக்கரன்ட் பழமும் தேவதாரு மரமும் சீவிய பென்சிலும் சேர்ந்து வந்தால் பொயாக் பக்கம் யோசிக்கலாம். பூவாசம் முன்னே வந்து, வாயில் பட்டுப்போல வழுக்கினால் மார்கோ. புகை, சூடேறிய செங்கல், ஈர மண் என்றால் பெசாக். புகையிலையும் பசுந்தழையும் வந்தால் கபர்னே ஃபிரான் பேசுகிறது, ஃபிஜாக்காக இருக்கலாம். எதுவும் துருத்திக்கொண்டு நிற்காமல் எல்லாம் அளவாக இருந்தால் சேன்-ஜூலியான். அதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். கொதித்த தேநீர் போல ஈறைப் பிடிக்கும் துவர்ப்பு கடைசிவரை நின்றால் சேன்-எஸ்தேஃப்.

மணங்களின் பட்டியல் எழுதுவதோடு நிற்காதீர்கள். மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: புளிப்பு ஒயினைத் தூக்கி நிறுத்துகிறதா, தனியாகக் குத்துகிறதா? துவர்ப்பு கரைந்துவிட்டதா, இன்னும் காத்திருக்கிறதா? விழுங்கிய பிறகு சுவை எவ்வளவு நேரம் தங்குகிறது? 1996இல் முதல் கேள்விதான் உயிர்நாடி. இந்த ஆண்டின் நல்ல ஒயினில் புளிப்பு முதுகெலும்பாக இருக்கும். சுமாரானதில் பழம் வற்றிப்போய்ப் புளிப்பு மட்டும் எலும்பாகத் துருத்தும்.

நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டாம். ஒன்று முதல் ஆறு வரை வரிசைப்படுத்துங்கள். எட்டுப் பேரின் எண்களைக் கூட்டினால் குறைந்த கூட்டுத்தொகை முதலிடம். இந்தத் தாளை உணவு வருவதற்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

இரண்டாம் சுற்று: உணவோடு

போர்தோ ஒயின் சாப்பாட்டு மேசைக்காகச் செய்யப்பட்டது. உணவில்லாமல் கொடுத்த தீர்ப்பு பாதித் தீர்ப்புதான். எனக்கு இந்தப் பகுதியில்தான் பேராசை.

சமையல் எளிமையாக இருக்கட்டும். பொயாக் ஆட்டுக்குட்டி அந்த மண்ணுக்கே உரியது, ஐரோப்பியப் புவிசார் குறியீடு பெற்றது. தாய்ப்பாலில் வளர்ந்த இளம் குட்டியின் கால் அல்லது தோள்பட்டையைப் பூண்டு, உப்பு, கொஞ்சம் தைம் இலை வைத்து உள்ளே இளஞ்சிவப்பு நிற்கும்படி வாட்டினால் போதும். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால் காலோன் திடீரென்று கனிந்துவிடும். மாற்றாக, திராட்சைக் கொடியின் காய்ந்த குச்சிகளை எரித்த கனலில் சுட்டு, மேலே பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் தூவிய மாட்டு விலாத்துண்டு. மெடாக் வீடுகளின் பழைய சமையல் இது. இறைச்சி சாப்பிடாத நண்பர் இருந்தால், இலையுதிர் காலத்தில் பூண்டும் பார்ஸ்லியும் சேர்த்து வதக்கும் செப் காளான் இந்த வயது ஒயினுக்கு இறைச்சியைவிடவும் நெருக்கம்.

தவிர்க்க வேண்டியவை சில. காடி ஊற்றிய சாலட், மிளகாய்க் காரம், புதினாச் சாறு, கூனைப்பூ, தண்ணீர்விட்டான் முளை. இவை முதிர்ந்த ஒயினின் மெல்லிய குரலை அமுக்கிவிடும். பாலாடைக்கட்டியில் முதிர்ந்த மிமொலெத்தும் பைரனீஸ் மலைப்பகுதியின் செம்மறியாட்டுப்பால் ஓசோ-இராத்தியும் பொருந்தும். நீலப் பூஞ்சைக் கட்டிகளைப் போர்தோவின் இனிப்பு வெள்ளை ஒயினான சோத்தேர்னுக்கு விட்டுவிடுங்கள். அதே 1996இன் சோத்தேர்ன் ஓர் அரை பாட்டில் கிடைத்தால் விருந்தைக் கானலே என்ற போர்தோச் சிறு கேக்கோடு முடிக்கலாம்.

சாப்பிட்டு முடியும் தறுவாயில் இரண்டாம் வரிசையை எழுதச் சொல்லுங்கள். பிறகுதான் பாட்டில்களில் சுற்றிய தாளைப் பிரித்துப் பெயர்களைக் காட்ட வேண்டும். இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் மயக்கிய மென்மையான ஒயின் கீழே இறங்கி, விறைப்பாகத் தோன்றிய ஒன்று மேலே வருவது அடிக்கடி நடக்கும். எந்தப் பாட்டில் முதலில் காலியானது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். என் பார்வையில் அதுதான் மூன்றாவது வரிசை, மூன்றிலும் நம்பகமானது.

வண்டி ஓட்டுகிறவர் அன்று துப்பியே சுவைக்க வேண்டும், இல்லையென்றால் வண்டியை எடுக்கக்கூடாது. பிரான்சில் ரத்தத்தில் அனுமதிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 0.5 கிராமுக்கும் கீழே, புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு 0.2. திரும்பிச் செல்லும் வாகனத்தை மாலையிலேயே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

மிச்சத்தை மறுநாளுக்கு வைக்க முடியாது, இந்த வயது ஒயின் இரவோடு இரவாகத் தளர்ந்துவிடும். தாள்களை மட்டும் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை இதே ஆறு தோட்டங்களின் 1995ஐ எடுத்துப் பாருங்கள். அந்த ஆண்டு மெர்லோவுக்கும் வலது கரைக்கும் சாதகமாக அமைந்தது. பால்மேரும் ஃபிஜாக்கும் எத்தனை இடம் ஏறுகின்றன, காலோன் எங்கே நிற்கிறது என்று பழைய தாளோடு ஒப்பிட்டுவிடலாம்.